தோத்தவன் எந்திரி

வாங்க அண்ணாச்சி, உள்ள வாங்க. பாளையங்கோட்டையிலருந்து வாரதாத்தானே போன்ல சொன்னிய? இந்த வெயில்ல பஸ்ஸுலயா வந்திய? ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. அந்தச் சேர்ல வேண்டாம், இந்தச் சேர்ல. அது நான் உக்காருத சேரு. தப்பா நெனச்சிக்கிடாதிய, பழகிப் போச்சு.

இதான் கேம் பொட்டி. விளம்பரத்துல போட்டோ பாத்திருப்பியளே, அதேதான். ஒரு கீறல் கெடையாது. கேம் போட்டு ஆடுனவன் நான் ஒருத்தன்தான்னு வச்சிக்கிடுங்களேன், மத்தவங்க சும்மா வந்து போனவங்க. ரிமோட்டு ரெண்டு. இது என்னோடது. இதா, இது இன்னொண்ணு. அதுல ஒட்டியிருக்கதப் பாத்துப் பயப்படாதிய. பிளைவுட் துண்டு, அடியில கொஞ்சம் துணி, அவ்வளவுதான். உளிய வச்சு ஒரு தட்டு தட்டுனா வந்துரும். விளம்பரம் போட்ட அன்னைலருந்து தட்டணும் தட்டணும்னுதான் இருக்கேன். நேரம் அமையல.

யாருக்கு வாங்குதிய? ஓ, நீங்களும் மச்சானும் சேர்ந்து ஆடவா. தங்கச்சி மாப்பிள்ளையா? ரெண்டு பேருல யாரு நல்லா ஆடுவா? அவரா. சரிதான். நான் ஒண்ணு சொல்லுதேன், கேட்டா கேளுங்க, கேக்காட்டி விடுங்க. அங்கதான் எல்லாம் கெட்டுப் போவும். அவரு ஜெயிச்சுக்கிட்டே இருப்பாரு, நீங்க தோத்துக்கிட்டே இருப்பிய, ஒரு நா உங்க மூஞ்சி சுருங்கும், ஒடனே உங்க தங்கச்சி அவரப் போட்டு ஏசும், என்னத்துக்கு எங்க அண்ணன இப்பிடிப் போட்டு அடிக்கியன்னு. கடைசியில யாரு கெட்டவன்? நல்லா ஆடத் தெரிஞ்சவன். நம்ம ஊரு நாயம் அப்பிடி.

சும்மா சொல்லல. பட்டுத்தான் சொல்லுதேன். வாங்குறதுக்கு முன்னாடி ஒரு ஃபுட்பால் மேட்சு ஆடிப் பாத்துருங்க, பொட்டி நல்லாருக்கான்னு தெரியணும்லா. இந்தக் கட்டை ரிமோட்டையே வச்சிக்கிடுங்க. கட்டை இடிச்சாலும் பட்டன் எல்லாம் வேலை செய்யும். டீம் எது வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க. நான் எதுல ஆடுனாலும் ஒண்ணுதான்.

அது பாஸ் பண்ணுத பட்டன். இது அடிக்கது. மேல இருக்கே, ஆள்காட்டி வெரலு படுத எடத்துல, அது ஓட்டப் பட்டன். அத அமுக்கிப் பிடிச்சாத்தான் உங்க ஆளு ஓடுவான். இல்லன்னா கோயில் பிரகாரம் சுத்துத மாதிரி நடந்துக்கிட்டே இருப்பான். அத ஞாபகம் வச்சிக்கிடுங்க, கதைக்கும் அது வேணும்.

இந்தக் கட்டை ரிமோட்டு இசக்கிராஜாவோடது. என் சேக்காளி. பள்ளிக்கூடத்துலருந்து ஒண்ணா மண்ணா கெடந்தவன். நாங்க மூணு பேரு. நான், இசக்கி, ஷேக் மீரான். மீரானுக்குக் கீழ பிளைவுட் கடை, மேல ஒரு ரூம்பு. பொட்டி நான் வாங்குனது, ரூம்பு அவன் குடுத்தது. ஞாயித்துக்கெழம சோறு தின்னு முடிச்ச ஒடனே மூணு பேரும் அங்க ஏறிருவோம். பொழுது அடையுத வரைக்கும் எறங்க மாட்டோம்.

அந்த ரூம்புக்கு ஒரே ஒரு ரூலுதான். தோத்தவன் எந்திரி. ஜெயிச்சவன் எடத்துல இருப்பான். தோத்தவன் எந்திரிச்சு ரிமோட்ட அடுத்தவன்ட்ட குடுத்துட்டு, தூக்குவாளியத் தூக்கிட்டு முக்குக் கடையில டீ வாங்கிட்டு வரணும். நான் போட்ட ரூலுதான். ரூலு எல்லாருக்கும் ஒண்ணுதானே? எனக்குன்னு தனியா ஒண்ணும் போட்டுக்கிடலியே. நான் தோத்தா நானும் போவேன். தோக்கல, அதனால போகல.

கோலு. பரவால்ல, பரவால்ல. இப்பந்தானே ஆரம்பிச்சிருக்கிய.

இசக்கிக்கு ஆட்டம் வராது அண்ணாச்சி. சுட்டுப் போட்டாலும் வராது. பந்து அங்க போனா இவன் ஆளு இங்க நிப்பான். ஆனா வாயி இருக்கே, அது துறைமுகம் வரைக்கும் கேக்கும். "ஏல பெர்க்கு, இன்னைக்கு ஒன்ன டீக்கு அனுப்பாம விட மாட்டேம்லே"ம்பான். பெர்க்மான்ஸுங்கறது என் பேரு, அவனுக்கு பெர்க்கு. சொல்லி வாய மூடல, அவன்தான் தூக்குவாளியோட படியெறங்கிக்கிட்டு இருப்பான். "ஆட்டம் வராட்டாலும் ஒனக்கு டீ வாங்க வருதுலே"ன்னு நான் மேலருந்து சத்தங் குடுப்பேன். கீழருந்து அவன் ஏதாவது கெட்ட வார்த்தை சொல்லிட்டுச் சிரிப்பான். சந்தோசமாத்தான் இருந்தோம். மீரான்தான் இப்ப மாத்திச் சொல்லுதான். அவன் அப்பம் சிரிச்சது சிரிப்பு இல்லையாம். சிரிப்ப அளந்து பாக்க இவன் என்ன டாக்டரா?

இசக்கி ஐஸ் கம்பெனியில வேலை பாத்தான். ஆளு ஒசரத்துக்கு இருக்க ஐஸ் கட்டிய மெசினுக்குள்ள தள்ளி, பொடியாக்கி, மீன்பிடி போட்டுக்காரங்களுக்குக் குடுக்கணும். ஒரு நா கட்டி சிக்கிக்கிட்டு நின்னிருக்கு. கையால தள்ளப் போயிருக்கான். வலது கையில ஆள்காட்டி வெரலும் நடு வெரலும் போயிருச்சு.

அந்தச் சேதி வந்தப்ப நான் ஆபீஸ்ல இருந்தேன். எங்க மேனேஜர் கடிச்சுத் துப்புவாரு, இருந்தாலும் சொல்லிக்கிடாம எந்திரிச்சு ஓடுனேன். ஆஸ்பத்திரி வராண்டாவுல துண்ட விரிச்சுக் கெடந்தவன் நான். அவன் பொண்டாட்டி பொன்மாரிக்குச் சோறு வாங்கிக் குடுத்தவன் நான். இதெல்லாம் யாரும் இப்பப் பேச மாட்டாங்க.

வீட்டுக்கு வந்த பெறவு ஆளு வேற மாதிரி ஆயிட்டான். ஐஸ் கம்பெனிக்குத் திரும்பப் போக முடியாது. வேற வேலைக்கும் போகல. செவத்தப் பாத்துப் படுத்துக் கெடந்தான். பொன்மாரி எறால் கம்பெனிக்குப் போயி எறால் உரிச்சுக் குடும்பத்த ஓட்டுச்சு. நாங்க ரெண்டு பேரும் போயி, கைத்தாங்கலா இல்ல, வைது வைதே அவனக் கெளப்பிக் கூட்டிட்டு வந்தோம். "என்னலே, வெரலு போனா காலும் போச்சா, நட"ன்னு நான்தான் சொன்னேன். வந்தான்.

அன்னைக்கு மீரான் ஒரு கோட்டித்தனம் பண்ணான். எங்கயோ எரவலா மூணாவது ரிமோட்டு ஒண்ணு வாங்கிட்டு வந்து, "இன்னைக்கு நமக்குள்ள ஆட வேண்டாம், மூணு பேரும் ஒரே பக்கம், பொட்டிக்கு எதிரா ஆடுவோம்"னான். சரின்னு ஆடுனோம். இசக்கி இடது கையால பந்த உருட்டுவான், நான் ஓடி வாங்குவேன், மீரான் அத வெளிய அடிச்சுத் தொலைப்பான். ஒரு தடவ இசக்கி எங்க கோலுலயே அடிச்சிட்டான். அன்னைக்குச் சிரிச்ச சிரிப்புல மீரான் வாப்பா கீழருந்து, என்னலே, கட்டடத்த இடிக்கியளான்னு கேட்டாரு. அந்த ஆக்ஸிடென்டுக்குப் பெறவு இசக்கி வாய் விட்டுச் சிரிச்சது அன்னைக்குத்தான்.

நல்லாத்தான் இருந்துச்சு. நான் இல்லங்கல. ஆனா அதுல யாரு ஜெயிச்சா? பொட்டி தோத்துச்சு. பொட்டி தோத்தா எனக்கென்ன? அதுக்கு மூஞ்சியா இருக்கு, சுருங்குறதுக்கு? அடுத்த வாரமே நான் சொல்லிட்டேன், எப்பவும் ஆடுத மாதிரி ஆடுவோம்னு.

ரெண்டு. பாருங்க, நீங்க ஓடவே மாட்டேங்கிய. அந்தப் பட்டன அமுக்குங்க. ஆங், அப்பிடி.

மீரான் என்னத் தனியாக் கூப்பிட்டு, "லே, நீ ஓட்டப் பட்டனத் தொடாம ஆடு. அவனாலயும் அமுக்க முடியாது, ரெண்டு பேருக்கும் சமமாப் போவும்"னான். முடியாதுன்னேன். "அப்ப ஒண்ணுக்கும் ஒதவாத டீமா எடுத்துக்கோ, அவன் நல்ல டீம எடுக்கட்டும்"னான். அதுவும் முடியாதுன்னேன். ஏன்னு கேக்கணும்லா? இசக்கி என்ன பிச்சக்காரனா? ஒரு ஆம்பளகிட்ட போயி, ஒனக்கு வெரலு இல்ல, அதனால நான் பாதிக் கையால ஆடுதேன்னு சொன்னா, அது மருவாதியா? எனக்கு யாராவது அப்பிடிச் செஞ்சா அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன். முழுசா ஆடுததுதான் நான் அவனுக்குக் குடுக்க மருவாதி. அப்பமும் அதத்தான் சொன்னேன், இப்பமும் அதத்தான் சொல்லுதேன்.

ஆடுனோம். அவன் ஆளுங்க நடந்தாங்க, என் ஆளுங்க ஓடுனாங்க. கோலு எண்ணிக்கைய விடுங்க. முடிஞ்ச ஒடனே அவனே எந்திரிச்சான். இடது கையால தூக்குவாளிய எடுத்தான். மீரான், "நீ இரி, நான் போறேன்"னு மறிச்சான். "ரூலு ரூலுதாம்ல"ன்னுட்டு இசக்கி எறங்கிப் போனான். பாத்தியளா? அவனே சொல்லுதான், ரூலு ரூலுதான்னு. அவனுக்கே அதுதான் புடிச்சிருக்கு.

அதுக்குப் பெறவுதான் மீரான் இந்தக் கட்டைய ஒட்டுனான். கடையில கெடந்த பிளைவுட்ட இழைச்சு, ஓட்டப் பட்டன் மேல ஒட்டி, கீழ நீட்டி விட்டுட்டான். ரிமோட்டத் தூக்கி முட்டில வச்சு ஒரு அழுத்து அழுத்துனா பட்டன் அமுங்கும். வெரலே வேண்டாம். இசக்கி அதத் தடவித் தடவிப் பாத்தான். அன்னைக்கும் தோத்தான். அடுத்த வாரமும் தோத்தான். ஆனா ஒரு ஞாயித்துக்கெழம விடாம வந்தான். புடிக்காமலா வந்தான்?

அந்தச் சமயத்துலதான் ஒரு நா பொன்மாரி எங்க ஆபீஸ் வாசல்ல வந்து நிக்கி. எறால் நாத்தத்தோட, கையெல்லாம் வெளுத்து ஊறிப் போயி நிக்கி. "அண்ணே, அவரு ஞாயித்துக்கெழம மட்டுந்தான் குளிச்சுச் சவரம் பண்ணுதாரு. மத்த நாளு எந்திரிக்கதே இல்ல. வந்த பெறவு ராத்திரி பூராவும் மோட்டுவளையப் பாத்துக்கிட்டு, இப்பிடிப் போயிருக்கணும், அப்பிடிப் போயிருக்கணும்னு அவராப் பேசிக்கிடுதாரு. ஒரே ஒரு தடவ தோத்துக் குடுங்கண்ணே. அவருக்குத் தெரியாமக் குடுங்க"ன்னு கேக்கி.

எனக்கு ஒரு பக்கம் பாவமா இருந்துச்சு, ஒரு பக்கம் சுருக்குன்னு இருந்துச்சு. "ஏம்மா, நான் வேணும்னு தோத்தா அவனுக்குத் தெரியாதா? அவன் என்ன பச்சப் புள்ளயா? அது அவன ஏமாத்துததாயிராதா"ன்னேன். பொன்மாரி, "உங்களுக்கு அது ஒரு வெளையாட்டுண்ணே"ன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. வெளையாட்டுத்தான். பெறவு என்னதாம்?

மூணாவது. என்ன அண்ணாச்சி, போன எடுத்துப் பாக்கிய, பஸ்ஸுக்கு நேரமாச்சா? திருநேலிக்கு நெமிசத்துக்கு ஒரு பஸ்சு இருக்கு. உக்காருங்க. முக்கியமானது இனிமத்தான் வருது.

எனக்குத் தெரியாம ரெண்டு பேரும் ஒரு வேலை பண்ணிருக்கானுவ. கடை அடைச்ச பெறவு இசக்கி தெனமும் அந்த ரூம்புக்கு வந்து ஆடிப் பழகியிருக்கான். மீரான்தான் சாவியக் குடுத்தது. என் பொட்டி. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. சேக்காளிக்குள்ள இது செய்யலாமா? நான் கேட்டா மாட்டேன்னா சொல்லிருப்பேன்?

ஒரு ஞாயித்துக்கெழம வந்தான். புதுச் சட்டை போட்டிருந்தான். மொத ஆட்டம் அவங்க ரெண்டு பேருக்கும், அதுல மீரான ஜெயிச்சான். நான், அட, மீரான் விட்டுக் குடுக்கான்னு நெனச்சேன். பெறவு என்கிட்ட உக்காந்தான். ஆட்டம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே தெரிஞ்சு போச்சு. பழைய இசக்கி இல்ல. பந்த வச்சுக்கிட்டு அவசரப்படாம நிக்கான். நான் கிட்டப் போனா தட்டி விடுதான். எடம் கெடச்சா ரிமோட்டத் தூக்கி முட்டில ஒரு அழுத்து, ஆளு பாஞ்சிருதான். ஒண்ணு போட்டான். நான் ஒண்ணு போட்டேன். பெறவு இன்னொண்ணு போட்டான். ரெண்டுக்கு ஒண்ணு.

படியில பொன்மாரி நின்னுச்சு. கம்பெனியிலருந்து வார வழியில எட்டிப் பாக்க வந்திருக்கு போல, சோத்துத் தூக்க நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிக்கி. இசக்கி யாரையும் பாக்கல. டீவிய மட்டும் பாத்துக்கிட்டு இருந்தான். அவன் மூஞ்சியில அப்பிடி ஒரு களைய, கல்யாணத்தன்னைக்குக் கூட நான் பாத்ததில்ல.

அண்ணாச்சி, நெசமாச் சொல்லுதேன். இன்னுங் கொஞ்ச நேரந்தான், அப்பம் நான் எந்திரிக்கணும். அந்த எடத்துலருந்து நான் எந்திரிச்சதே இல்ல. ஆபீஸ்ல மேனேஜர் வந்தா எந்திரிக்கேன். பார்ட்டி வந்தா எந்திரிக்கேன். நேத்து வேலைக்குச் சேந்த பய, மொதலாளிக்குச் சொந்தக்காரன், அவன் வந்தாலும் எந்திரிக்கேன். வீட்டுல என் தம்பி நல்லாச் சம்பாதிக்கான், அவன் வந்து உக்காந்தா எங்க அம்மையே என்னப் பாத்து, கொஞ்சம் தள்ளி உக்காருலேங்கா. உலகத்துல என்ன எந்திரின்னு யாரும் சொல்லாத எடம் அது ஒண்ணுதான். அதையும் குடுத்துட்டு நான் எங்க போறது?

அப்பம்தான் எனக்கு அது கேட்டுச்சு. டொக்.

இந்தக் கட்டை முட்டில படுத சத்தம். அவன் ஓடணும்னா மொதல்ல ரிமோட்டத் தூக்கணும், பெறவு முட்டில அழுத்தணும். டொக்குன்னு ஒரு சத்தம் வரும், பெறவுதான் ஆளு ஓடுவான். இத்தன நாளு அது காதுல விழுந்துருக்கும், நான் கவனிக்கல. அன்னைக்குக் கவனிச்சேன். அதுக்குப் பெறவு அவன் ஆளப் பாக்கதையே விட்டுட்டேன். காத மட்டும் தீட்டி வச்சிக்கிட்டேன். டொக்குன்னா, அவன் வாரதுக்கு முன்னாடியே என் ஆளு அங்க நிப்பான். பந்தப் பறிச்சேன், அடிச்சேன். ரெண்டுக்கு ரெண்டு. திரும்பவும் டொக்கு. திரும்பவும் பறிச்சேன். மூணு. முடிஞ்சு போச்சு.

சொல்லுங்க, இது கள்ளாட்டமா? எதிராளிக்கு எங்க ஓட்டை இருக்குன்னு பாத்து அடிக்கதுதானே ஆட்டம்? அவனப் பெரிய ஆளா மதிச்சதுனாலதானே நான் அவ்வளவு கூர்ந்து கவனிச்சேன்? சின்னப் பயல யாராவது அப்பிடிக் கவனிப்பாங்களா?

எனக்கு அப்பம் ஒரு சந்தோசம். சந்தோசத்துல அவன் தோள்ல தட்டி, எல்லாத்தையும் சொல்லிட்டேன். "லே இசக்கி, நல்லா ஆடுனலே. ஆனா ஒன் கட்டை என்ட்ட முன்னாடியே வந்து சொல்லிருது. டொக்குங்கும், நீ வரப்போறன்னு தெரிஞ்சு போவும். அதுக்கடியில துணிய ஒட்டு, பெறவு ஒன்னப் புடிக்க முடியாது"ன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். அடுத்த தடவ அவன் ஜெயிக்கணும்னுதானே அந்த ரகசியத்தச் சொன்னேன். வேற எவனாவது சொல்லுவானா? வாய மூடிக்கிட்டு வாரா வாரம் ஜெயிச்சுக்கிட்டு இருப்பான்.

அவன் தன் கையப் பாத்தான். ரிமோட்டப் பைய கீழ வச்சான். எந்திரிச்சு தூக்குவாளிய எடுத்தான். படியில பொன்மாரி ஒதுங்கி வழி விட்டுச்சு. அது கண்ணு என் மேலதான் இருந்துச்சு.

டீ வரல. கொஞ்ச நேரங் கழிச்சு எட்டிப் பாத்தா, தூக்குவாளி கடைசிப் படியில இருக்கு. ஆளக் காணோம்.

மீரான் என்னப் பாத்து, "ஒன் பொட்டியத் தூக்கிட்டுப் போயிருலே"ன்னான். ஒரு ஆட்டத்துக்காடான்னு கேட்டேன். "ஒனக்கு அது ஒரு ஆட்டம்"ங்கான். எல்லாரும் ஒரே பாடத்தப் படிச்சுட்டு வந்து ஒப்பிக்க மாதிரி. தூக்கிட்டு வந்துட்டேன். வந்து இங்கன வச்சேன், ரெண்டு சேரும் போட்டேன். நம்ம பயலுவதானே, கோவம் தீந்தா வருவானுவன்னு பாத்தேன். வரல. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதைதான்.

ஆனா ஒரு வேலை செஞ்சேன். அந்தத் துணி இருக்குல்லா, கட்டைக்கு அடியில, அது நான் ஒட்டுனது. என் பழைய பனியனக் கிழிச்சு, ரெண்டு மடிப்பா மடிச்சு ஒட்டுனேன். முட்டில வச்சு அழுத்திப் பாருங்க. சத்தம் வருதா? வராது. நானே கண்ண மூடிக்கிட்டு எத்தனையோ தடவ அழுத்திப் பாத்திருக்கேன். இனிம அவன் வந்து ஆடுனா எனக்கு ஒண்ணுமே தெரியாது. அவன் ஜெயிக்கக்கூட ஜெயிக்கலாம்.

அத எடுத்துட்டு அவன் வீட்டுக்குப் போனேன். கட்டில்ல படுத்துக் கெடந்தான். தாடி மண்டிக் கெடக்கு. "லே, இங்க பாரு, சத்தம் வராதுலே, ஒட்டிட்டேன்"னு முட்டில வச்சு அமுக்கிக் காட்டுனேன். அவன் பைய செவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டான். நான் எவ்வளவு நேரம் அமுக்கிக்கிட்டு நின்னேன்னு தெரியல. பொன்மாரி சோத்தப் பெசஞ்சு கொண்டு வந்து வச்சுச்சு. இப்பம் அது பெசஞ்சு ஊட்டுனாத்தான் திங்கானாம். இடது கை நல்லாத்தானே இருக்கு, எடுத்துத் திங்கச் சொல்லுங்கன்னேன்.

அதுக்கு அது என்ன சொல்லுச்சு தெரியுமா? "அண்ணே, மெசினு ரெண்டு வெரலத்தான் எடுத்துச்சு. மிச்சத்த விட்டு வச்சிச்சு."

இது பேச்சா அண்ணாச்சி? ஆஸ்பத்திரியில துண்ட விரிச்சுக் கெடந்தவன்ட்ட பேசுத பேச்சா? வெரல எடுத்தது மெசினு. வேலைய எடுத்தது கம்பெனி. நான் என்னத்த எடுத்தேன்? ஒரு கோலு. இல்ல, ரெண்டு கோலு.

அதுக்குப் பெறவும் போனேன். ஞாயித்துக்கெழம ஆனா காலு தானாப் போவுது. ஒரு தடவ தூங்குதாருன்னுச்சு. ஒரு தடவ கதவே தொறக்கல, உள்ள ஆளு நடமாட்டம் கேக்கு. போன வாரம் பூட்டிக் கெடந்துச்சு. பக்கத்து வீட்டுல கேட்டா, வெளாத்திகொளத்துக்கு பொன்மாரி அவ அம்மை வீட்டுக்கு இசக்கியக் கூட்டிட்டுப் போயிட்டாங்கா. அங்க அவனத் தனியா விட மாட்டாவளாம், ராத்திரியும் பகலும் யாராவது ஒருத்தரு கூடவே இருக்காவளாம். ஏன்னு கேட்டேன். அந்தம்மா என்ன மேலயும் கீழயும் பாத்துட்டு உள்ள போயிருச்சு. மறுநாத்தான் நான் விளம்பரம் போட்டேன்.

அஞ்சு. அஞ்சுக்குப் பூச்சியம். என்ன அண்ணாச்சி, எந்திரிச்சிட்டிய? நான் எந்திரிங்கன்னு சொல்லவே இல்லியே. அந்த ரூலு இங்க கெடையாது. அது அந்த ரூம்போட போச்சு.

பொட்டி வேண்டாமா? ஏன், நல்லாத்தானே வேலை செய்யுது? வெலை கூடன்னா கொறைச்சுக்கிடுவோம். சரி, வெலையே வேண்டாம், சும்மா எடுத்துட்டுப் போங்க. நீங்களும் மச்சானும் ஆடுங்க, ஞாயித்துக்கெழம நான் பாளையங்கோட்டைக்கு வந்து ஒரு ஓரமா உக்காந்துக்கிடுதேன். ஓட்டப் பட்டனத் தொடவே மாட்டேன். மூணு பேரும் ஒரே பக்கமா ஆடுனாலும் சரிதான்.

இருங்க. இன்னும் ஆட்டம் முடியல, கொஞ்ச நேரம் பாக்கி இருக்கு. பந்து உங்க ஆளு கால்லதான் இருக்கு. இந்தா பாருங்க, என் ரிமோட்டக் கீழ வச்சிட்டேன். ரெண்டு கையையும் மடியில வச்சிட்டேன். என் ஆளுங்க எல்லாவனும் சும்மா நிக்கான். கீப்பரும் சும்மா நிக்கான். நேரா ஓடிப் போயி அடிங்க. ஒரு கோலு போட்டுட்டுப் போங்க.

ஏன் அடிக்க மாட்டேங்கிய?

பாத்தியளா, பாத்தியளா. சும்மா குடுத்தா நீங்களே வாங்க மாட்டேங்கிய. இதத்தான் நான் அன்னைக்குப் பொன்மாரிட்டயும் சொன்னேன்.

அடிங்க அண்ணாச்சி. நேரம் ஓடுது. ஒண்ணே ஒண்ணு, அடிங்க.